குடவோலை இசை நாடகம்: மேடையை எங்கே போடுவது, சனத்துக்கு என்ன வேலை கொடுப்பது?

#1 ஏரிக்கரை | செவ்வாய் காலை 6.50

எங்களுடையது உத்திரமேரூர் பக்கம் ஒரு சின்ன ஊர். இரண்டு வருஷமாக 17 பேர் சேர்ந்து குடவோலையை வைத்து ஓர் இசை நாடகம் எழுதி முடித்திருக்கிறோம். பாட்டு எழுதியவர்கள் 6 பேர், மெட்டுப் போட்டவர்கள் 4 பேர், மீதிப் பேர் கதையில் கை வைத்தவர்கள். பாதி வேலை வாட்ஸாப்பில், பாதி டீக்கடை பெஞ்சில். வசனமே கிடையாது, முழுக்கப் பாட்டு. அதனால் எங்களுக்குள் ஓபரா என்று சொல்லிக்கொள்கிறோம். ஊரில் கேட்டால் நாடகம்.

கதை தெரியாதவர்களுக்கு: பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், உத்திரமேரூர் சபை தன் வாரியங்களுக்கு (ஊர் வேலைகளைப் பார்க்கிற குழுக்களுக்கு) ஆள் எடுக்கும் முறையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றைக்கும் பார்க்கலாம். ஊர் 30 குடும்பாக, அதாவது இன்றைய வார்டு மாதிரி, பிரிந்திருந்தது. தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், பொறுப்பு 360 நாள். எங்கள் நாடகம் அந்த ஒரே நாளில் நடக்கிறது. போன தடவை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாத ஒரு பெரியவர். மதகு உடைந்திருப்பது தெரிந்தும் சபையில் போய்ச் சொல்ல முடியாத ஒரு நீர்க்கட்டி, அதாவது ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுகிறவர். இந்த இரண்டு பேரும் நாங்கள் கற்பித்தவர்கள்.

இப்போது மூன்று குழப்பம். எங்கே போடுவது? பார்க்க வருகிறவர்கள் சும்மா உட்கார்ந்து கை தட்டிவிட்டுப் போகாமல் உள்ளே வருவதற்கு என்ன வழி? கடைசியாக, குலுக்கல் நிஜமாகவே நடக்க வேண்டும் என்று பாதிப் பேர், ‘யார் பெயர் வரும் என்று தெரியாமல் எப்படி மெட்டுப் போடுவது’ என்று மீதிப் பேர்.

#2 டேப்ரிக்கார்டர் | செவ்வாய் காலை 7.31

முதலில் ஓபரா என்பதை விடுங்கள். கூத்து என்று சொல்லிவிட்டுப் போங்களேன், சனமாவது வரும்.

#3 திரைபிடி | செவ்வாய் காலை 9.05

கூத்து என்று சொன்னால் கூத்து ஆட வேண்டும் ஐயா. அடவு வேண்டும், முகவீணை வேண்டும், விடிய விடிய தொண்டை தாங்க வேண்டும். அவர்கள் ஆடவில்லை, பாடுகிறார்கள். இசை நாடகம் சரியான பேர்தான்.

நான் காஞ்சிபுரம் பக்கம் ஒரு ஜமாவோடு (கூத்துக் குழுவோடு) பல வருஷம் சுற்றியவன். சனத்தை உள்ளே இழுப்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள். பாரதக் கூத்தில் யாரும் யாரையும் மேடைக்கு இழுப்பதில்லை. நாடகம்தான் சனத்துக்குள் போகும். பகாசுரன் கதை நடக்கிற நாளில் வண்டி தெருத்தெருவாகப் போகும், வீட்டுக்கு வீடு சோறு கொண்டுவந்து போடுவார்கள். போடுகிற அம்மாவுக்குத் தான் நடிக்கிறோம் என்ற நினைப்பே இருக்காது. அர்ச்சுனன் தபசில் வேஷக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே மரத்தின் மேல் ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். படுகளத்தன்று மண்ணில் செய்த துரியோதனன் தெரு அகலத்துக்குப் படுத்திருப்பான், ஊரே சுற்றி நிற்கும்.

இந்த மூன்றிலும் சனத்துக்கு யாரும் ஒத்திகை கொடுக்கவில்லை. சோறு போடவும், பழம் பிடிக்கவும், சாவுக்குச் சுற்றி நிற்கவும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். உங்கள் கதையில் ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை எது? அதை முதலில் கண்டுபிடியுங்கள்.

#4 ஏரிக்கரை | செவ்வாய் காலை 9.40

பெயர் கொடுப்பது. ஓட்டுப் போட வரிசையில் நிற்பது. ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பது :)

#5 நாலாவது_பெஞ்ச் | செவ்வாய் மாலை 5.20

நான் அரசுப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். வருஷா வருஷம் வகுப்பில் செய்கிற விளையாட்டு ஒன்று, உங்களுக்குப் பொருந்துமா பாருங்கள்.

எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்வேன். பிறகு கல்வெட்டில் உள்ள தகுதிகளை ஒவ்வொன்றாக வாசிப்பேன். 35 வயதுக்குக் கீழா, உட்கார். 70க்கு மேலா, உட்கார். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இல்லையா, உட்கார். சொந்த மனையில் வீடு இல்லையா, உட்கார். வேதம் படிக்கவில்லையா, உட்கார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரா, அவருக்குச் சொந்தக்காரரா, உட்கார். பெண்கள் கணக்கிலேயே இல்லை. 45 பிள்ளைகளில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். அதற்கு முன்னால் வரைக்கும் ‘உலகத்துக்கே தேர்தலைச் சொல்லிக் கொடுத்தது நம்ம ஊர்’ என்று மார்தட்டிக்கொண்டிருந்த பையன்கள் அப்படியே அமைதியாகிவிடுவார்கள்.

உங்கள் நாடகத்துக்கு 300 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். வாசலில் ஆளுக்கு ஓர் ஓலை. கட்டியக்காரன் தகுதியைப் பாடப் பாட ஊர் உட்கார்ந்துகொண்டே வரும். கடைசியில் நாலைந்து பேர் நிற்பார்கள். அவர்கள் ஓலை மட்டும் குடத்துக்குள் போகும்.

#6 மதகடி | செவ்வாய் இரவு 8.02

யோசனை அபாரம், ஆனால் எங்கள் ஊரில் செய்யவே கூடாது. (நான் ஏரிக்கரையின் ஊர்க்காரன், 17 பேரில் ஒருவன்.) வகுப்பில் பிள்ளைகள் உட்காருவது வேறு. நாலு தெரு சனமும் கூடியிருக்கிற இடத்தில் ‘நிலம் இல்லாதவர் உட்காரு’ என்று பாடினால் யார் உட்காருவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வேதம் வரும்போது அதைவிட மோசம். கல்வெட்டில் இருப்பது சரித்திரம்தான், ஆனால் நாடகம் பார்க்க வந்தவனை மறுபடி ஒரு தடவை எல்லார் முன்னாலும் உட்கார வைப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

#7 நாலாவது_பெஞ்ச் | செவ்வாய் இரவு 8.45

நீங்கள் சொல்வது சரி. அதை யோசிக்கவே இல்லை. என் வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளைக்கு அப்படி உறைத்திருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

#8 ஏரிக்கரை | செவ்வாய் இரவு 9.30

ஓலையில் அவரவர் பெயரை எழுதச் சொல்லாமல் நாமே எழுதிக் கொடுத்துவிட்டால்? ‘வயது 41, நிலம் அரை வேலி, சொந்த மனை’ என்று ஒன்று. ‘வயது 29, நிலம் இல்லை, வண்டல் அள்ளுகிறவர்’ என்று ஒன்று. குலுக்கிக் கொடுப்போம். பண்ணையார் கைக்கு வண்டல்காரர் ஓலை வரட்டும், வண்டல்காரர் கைக்கு அரை வேலி வரட்டும். யாருடைய நிஜமும் வெளியே வராது. உட்காருவது ஓலைதான், ஆள் இல்லை.

#9 மதகடி | செவ்வாய் இரவு 9.41

இது ஆகும். பெண்கள் கையிலும் ஆண் ஓலை போகட்டும்.

#10 கல்லடிப்பாலம் | புதன் அதிகாலை 12.15

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறன். இழை முழுக்க வாசிச்சன். உங்களுக்கு மேடை தேவையில்லை, களரி தேவை.

எங்கட வடமோடிக் கூத்து, தென்மோடிக் கூத்து இரண்டும் வட்டக்களரியில்தான் ஆடுவம். சனம் சுத்திவர இருக்கும். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்தோட நடுவில நிப்பார், பிற்பாட்டுக்காரரும் அவரோடதான். ஆடுறவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு முன்னால ஆக்கள் இருப்பினம். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர், இராவணேசன் எல்லாத்தையும் படச்சட்ட மேடைக்கு, அதாவது முன்பக்கம் மட்டும் திறந்த மேடைக்குக் கொண்டுவந்து, விடிய விடிய ஆடுற கூத்தைச் சுருக்கிப் போட்டார். அதால் படிச்ச சனம் கூத்தைத் திரும்பிப் பார்த்தது, அது பெரிய காரியம். ஆனால் மேடைக்கு ஏத்தின உடன சனம் ஒரு பக்கத்துக்குப் போய்ட்டுது.

இன்னொண்டு. பார்வையாளரை அரங்கேற்றத்தண்டைக்கு மட்டும் ஏன் யோசிக்கிறியள்? எங்கட ஊர்களில் கூத்து தொடங்கிறது சட்டம் கொடுக்கிற நாளில். ஆருக்கு எந்தப் பாத்திரம் எண்டு ஊருக்கு முன்னால பிரிச்சுக் குடுப்பினம். பிறகு மாதக் கணக்காப் பழக்கம். பழகுறதைப் பாக்கப் பெடியள், கிழவியள் எல்லாம் வந்து இருக்கும். பிறகு சதங்கை அணி விழா, அடுக்குப் பார்த்தல் (முழு ஒத்திகை), கடைசியாத்தான் அரங்கேற்றம். அண்டைக்கு வாற சனத்துக்குப் பாதிப் பாட்டு வாய்ப்பாடம். அதுதான் ஒத்திகை. சீலாமுனையில் ஜெயசங்கர் ஆக்கள் செய்த கூத்து மீளுருவாக்கத்திலயும் இதுதான் நடந்தது. ஊராக்களே இருந்து கதைச்சு, எந்த இடம் இண்டைக்குச் சரிவராது எண்டு பார்த்துப் பாட்டை மாத்தினவை.

#11 ஏரிக்கரை | புதன் காலை 6.30

அண்ணா, இந்தச் சட்டம் கொடுக்கிற விஷயம் எனக்குப் புதிது. நாங்கள் இதுவரை பூட்டிய அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம், கதை வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து. வெளியே தெரிய வேண்டியதே அதுதான் போல.

#12 ஹார்ன்_ஸ்பீக்கர் | புதன் காலை 10.10

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

வட்டமாக உட்கார வைப்பது பாட்டுக்கு நல்லது, காரணம் எளிது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பெரிய மைதானத்தில் மேடை ஒரு கோடியில் இருந்து, கடைசி வரிசை 34 மீட்டர் தள்ளி இருந்தால், தாளம் அவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதமாகக் கேட்கும். அவர்கள் தட்டுகிற கை முன் வரிசைக்கு வந்து சேர இன்னொரு அவ்வளவு நேரம். எந்த ஊர்த் திருவிழாவிலும் கூட்டம் சேர்ந்து பாடினால் பின்னால் இழுத்துக்கொண்டு போவது இதனால்தான், அவர்களுக்குத் தாள ஞானம் இல்லாமல் இல்லை. மத்தளத்தை நடுவில் வைத்தால் தூரம் பாதியாகிவிடும். அண்ணாவியார்கள் இதைக் கணக்குப் போட்டுச் செய்திருக்க மாட்டார்கள், காது சொல்லியிருக்கும்.

சனம் பாடுகிற இடத்தில் அவர்களுக்கு மைக் வைக்காதீர்கள். வட்டத்துக்குள் மைக்கும் பெட்டியும் ஒன்றையொன்று பார்த்தால் கூவும். நன்றாகப் பாடுகிற எட்டுப் பேரைக் கூட்டத்துக்குள் சாதாரண உடுப்பில் பிரித்து உட்கார வையுங்கள். பக்கத்து ஆள் பாடினால் தானும் பாடுவான், மேடையில் இருப்பவன் ‘எல்லாரும் பாடுங்க’ என்றால் செல்போனை எடுத்துப் படம் பிடிப்பான்.

#13 ஆல்டோ | புதன் மதியம் 1.25

நான் இங்கிலாந்தில் ஒரு சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறேன். நீங்கள் எல்லாரும் பேசுவதைப் படிக்கும்போது இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன்தான் ஞாபகம் வருகிறார்.

அவருடைய ‘நோய்ஸ் ஃப்ளட்’, நோவாவின் வெள்ளக் கதை, 1958ல் ஆர்ஃபோர்ட் என்ற சின்ன ஊர் சர்ச்சில் அரங்கேறியது. நடித்ததும் வாசித்ததும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். இதில் நடுவே மூன்று இடத்தில் வந்திருக்கிற சனம் எழுந்து நின்று பாடும். மூன்றும் அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஞானப்பாட்டுகள். புயல் உச்சத்தில் இருக்கும்போது, கடலில் போகிறவர்களுக்காகப் பாடுகிற பாட்டு. கடலோர ஊர் சனத்துக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? திரைபிடி சொன்னது அப்படியே இது.

மழைத்துளிச் சத்தத்துக்குப் பீங்கான் கோப்பைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு மரக் கரண்டியால் தட்ட வைத்தார். வயலினில் கை பழகாத பிள்ளைகளுக்கு என்றே, விரல் வைக்காமல் வெறும் தந்தியை மட்டும் இழுத்தால் போதும் என்று தனிப் பகுதி எழுதினார். எவ்வளவு தெரியுமோ அவ்வளவுக்கு வேலை.

அதற்கு முன்னால், 1949ல், ‘லெட்ஸ் மேக் அன் ஓபரா’. அதில் முதல் பாதி முழுக்க ஓபரா தயாராகிற கதை. அதிலேயே பார்வையாளர்களுக்கும் பாட்டுப் பயிற்சி நடந்துவிடும். இரவுப் பாட்டு ஒன்றில் அரங்கத்தை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பறவை: ஆந்தை, நாரை, புறா, குருவி. பெரிய மனிதர்கள் எல்லாம் கூவுவார்கள்.

#14 மதகடி | புதன் மதியம் 2.00

நாரைக்கு நாங்கள் எங்கே போவோம், வேடந்தாங்கல் பக்கத்தில்தானே இருக்கிறது.

#15 பசிபிக்_நேரம் | வியாழன் காலை 8.15

லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறேன். இங்கே ‘தி இண்டஸ்ட்ரி’ என்ற குழு 2015ல் ‘ஹாப்ஸ்காட்ச்’ என்று ஒன்று போட்டது. உங்களைப் போலவே பல கை சேர்ந்த சமையல்: 6 இசையமைப்பாளர், 6 பாட்டாசிரியர். 24 கார். ஒரு காரில் நாலு பார்வையாளர், அவர்களோடு பாடகர். காட்சிக்குக் காட்சி ஊருக்குள் இறங்கி வேறு கார் ஏறுவார்கள். ஒரு காட்சி இன்னொன்றோடு ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லாததால் ஆறு பேர் மெட்டும் ஆறு விதமாக இருந்தும் இடிக்கவில்லை. உங்கள் 4 மெட்டுக்காரர்களுக்கு இது உதவலாம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவர்களே ரயில் நிலையத்துக்குள் ஓர் ஓபரா போட்டார்கள். பார்வையாளர்களுக்கு வயர் இல்லாத ஹெட்போன். பாடகர்கள் பயணிகளோடு பயணிகளாக நடந்துகொண்டே பாடுவார்கள். ஏரிக்கரையில் அப்படிச் செய்யலாமே? இருட்டில், கரை மேல் நடந்துகொண்டே.

#16 திரைபிடி | வியாழன் காலை 8.50

தம்பி, ஹெட்போன் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் மூக்கு உறிஞ்சுவது கேட்காது. அது கேட்கத்தானே நாடகத்துக்குப் போகிறோம்.

#17 ஹார்ன்_ஸ்பீக்கர் | வியாழன் காலை 9.12

300 ஹெட்போனுக்கு வாடகை சொன்னால் ஏரிக்கரை அழுவார், அது எல்லாருக்கும் கேட்கும்.

#18 நெறியாளர் | வியாழன் காலை 9.30

கேலி போதும், இழைக்கு வாருங்கள். யாரும் இன்னும் மூன்றாவது கேள்வியைத் தொடவில்லை.

#19 சுருதிப்பெட்டி | வியாழன் மாலை 6.45

தொடுகிறேன். தெரியாத பெயருக்கு மெட்டுப் போட முடியாது என்று சொன்ன நண்பர் தாளத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார். ‘ரவி’ என்று வந்தால் இரண்டு எழுத்து, ‘முத்துலட்சுமி’ என்று வந்தால் ஏழு எழுத்து. ஆதி தாளத்தில் போய் நின்றால் திண்டாட்டம்தான். விருத்தமாகப் பாடுங்கள். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, ராகம் மட்டும்தான். எந்தப் பெயரும் எவ்வளவு நீளமும் அதற்குள் உட்காரும். கூத்திலும் நாடகத்திலும் விருத்தம் பாடித் தருவுக்கு (தாளத்தோடு வரும் பாட்டுக்கு) இறங்குவது நமக்குப் பழகியதுதானே.

கல்வெட்டில் ஓலையை வாங்குவதற்கே ஒரு முறை சொல்லியிருக்கிறது. பையன் எடுத்த ஓலையை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது. வாங்கியவர் வாசிப்பார், பிறகு அங்கே இருக்கிற நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், எல்லாரும் வாசிப்பார்கள். ஒருவர் பாடி, பலர் திருப்பிப் பாடுவது: மெட்டு கல்வெட்டிலேயே இருக்கிறது. பெயரை முதலில் ஒருவர் மோகனத்தில் விருத்தமாக இழுக்கட்டும். பின்பாட்டு அதே பெயரைத் தாளத்தில் பிடிக்கட்டும். ஆறாவது பெயரில் சனமே முந்திக்கொண்டு பாடும், பாருங்கள்.

#20 மதகடி | வியாழன் இரவு 9.15

மோகனம் பற்றி நாங்கள் ஏற்கெனவே சண்டை போட்டாகிவிட்டது. நாலு மெட்டுக்காரர்களில் இரண்டு பேர் மத்யமாவதி என்கிறார்கள். நாலாவது காட்சிக்கு இன்னும் இரண்டு வடிவம் ஓடிக்கொண்டிருக்கிறது. 17 பேர் சேர்ந்து எழுதினால் பெருமையாக இருக்கிறது, முடிவெடுக்கத்தான் ஆளில்லை.

#21 கல்லடிப்பாலம் | வெள்ளி காலை 7.05

அதுக்குத்தான் அண்ணாவியார். கதை ஊரிட, பாட்டு ஊரிட, ஆனால் களரிக்குள்ள மத்தளக்காரர் சொல்லுறதுதான். ஒராளை வையுங்கோ, ஒரு கூத்துக்கு மட்டும். அடுத்த முறைக்கு வேற ஆள்.

#22 சோழிங்கர்_அத்தை | வெள்ளி காலை 11.20

நீர்க்கட்டி சாகிற காட்சியில் பெண்களை ஒப்பாரி பாட வைக்கப் போவதாக ஏரிக்கரை தனிச்செய்தியில் சொன்னார். வேண்டாம் அப்பா. வீட்டில் நல்லது நடக்கப் போகிற பெண் அந்தக் கூட்டத்தில் இருப்பாள், பாட மாட்டாள், எழுந்து போய்விடுவாள். படுகளத்தில் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் அழுவாள் என்றால் அது அந்தக் கோயிலுக்கு நேர்ந்த நாள், வேஷக்காரர் அழுவார். சும்மா ஒரு நாளில் ஊர்ப் பெண்களை ஒப்பாரி பாடச் சொல்வது வேறு. நடவுப் பாட்டுக் கேளுங்கள், குலவை கேளுங்கள், தாராளமாகக் கிடைக்கும்.

#23 ஏரிக்கரை | வெள்ளி மதியம் 12.05

சரி அத்தை. ஒப்பாரியை எடுத்துவிட்டோம்.

இதில் ஒன்று தோன்றியது. தகுதி பாடப் பாட உட்கார்ந்தவர்கள்தான் கூட்டத்தில் பெரும்பாலோர். குடத்துக்குள் போகாத அந்தச் சனம்தானே வண்டல் அள்ளுகிறது, கரை கட்டுகிறது? கடைசிக் காட்சியில் மதகு உடைந்து தண்ணீர் வரும்போது கரை அடைக்கிற பாட்டு அவர்களுடையது. ‘ஏலேலோ’ என்று ஒரு வரி மட்டும், நடவுப் பாட்டு மெட்டில். கடைசி வரை நிற்கிறவர்கள் பாடக் கூடாது. அவர்களுக்கு அந்தப் பாட்டு தெரியாது.

#24 திரைபிடி | வெள்ளி மதியம் 12.20

இப்போதுதான் நாடகம் வந்தது.

#25 மதகடி | வெள்ளி இரவு 8.30

இடம்: வைகுண்டப் பெருமாள் கோயில் தொல்லியல் துறைக் காவலில் இருக்கிறது, அங்கே முன்னூறு பேரைக் கூட்டுவது நடக்காத கதை. எங்கள் ஊர் ஏரி வைகாசியில் வறண்டுவிடும். உள்வாயில், அதாவது ஏரிக்கு உள்ளே, களரி போட்டால் சனம் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும், கரை பின்னால் சுவர் மாதிரி நிற்கும். நீர்வளத் துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம். கொசுவுக்கு வேப்பிலைப் புகை. ஜெனரேட்டரைக் கரைக்கு அந்தப் பக்கம் வைத்தால் சத்தம் கேட்காது.

#26 ஏரிக்கரை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 10.40

இன்று பள்ளி மைதானத்தில் முதல் தடவை சனத்தோடு செய்து பார்த்தோம். 64 பேர் வந்தார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

சட்டம் கொடுத்ததை ஊர் நடுவில் செய்தோம். அண்ணாவியாராக (பேர் அப்படியே வைத்துக்கொண்டோம், கல்லடிப்பாலம் அண்ணாவுக்கு நன்றி) ஹார்மோனியம் வாசிக்கிற அக்காவைத் தேர்ந்தெடுத்தோம். அவர் செய்த முதல் வேலை, நாலாவது காட்சியின் இரண்டு வடிவத்தையும் வெட்டியது. மோகனம் வென்றது.

உட்காருகிற பாட்டு முடியும்போது 5 பேர் நின்றார்கள். அரை வேலி ஓலை கிடைத்த ஒரு பாட்டி, பஞ்சாயத்து ஆபீசில் கூட்டுகிறவர், நிற்கவே கூச்சப்பட்டு நெளிந்துகொண்டிருந்தார். பிறகு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. கரை அடைக்கிற பாட்டில் நிற்கிறவர்கள் பாடக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தோம். பாட்டிதான் எல்லாருக்கும் முன்னால் ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை.

குலுக்கல் கெட்டுப்போனது. ஓலை எடுக்க விட்டது ஏழு வயதுப் பையன். கையை உள்ளே விட்டான், ஓலையைப் பிடித்தான், மூடிய கை வெளியே வரவில்லை. குடத்தின் வாய் அவ்வளவு சின்னது. அக்கா விருத்தத்தை இழுக்கிறார், இழுக்கிறார், மோகனத்தில் இல்லாத சஞ்சாரமெல்லாம் வந்துவிட்டது. சனம் சிரிப்பு. கடைசியில் அவன் குடத்தோடு அழ ஆரம்பித்து, அவன் அம்மா வந்து கையைத் தளர்த்தி எடுத்தார். எடுத்த ஓலையில் வியர்வை பட்டு மை கலைந்திருந்தது, பெயர் தெரியவில்லை. மூன்று பேர் செல்போன் டார்ச் அடித்தும் பிரயோஜனமில்லை.

அடுத்த ஞாயிறு மாலை 4 மணிக்கு மறுபடி. அகல வாய்ப் பானை யாரிடமாவது இருக்கிறதா?

#27 சோழிங்கர்_அத்தை | ஞாயிறு இரவு 10.58

நெல் வேக வைக்கிற மண்சால் என்னிடம் இருக்கிறது. விளிம்பு ஒரு பக்கம் உடைந்திருக்கும், பையன் நிற்கிற பக்கம் அது வராமல் திருப்பி வையுங்கள். மைக்குப் பதில் ஆணியால் கீறுங்கள், அந்தக் காலத்தில் அப்படித்தானே எழுதினார்கள்.